உமணர் வண்டியும் எஞ்சின் எண்ணெயும்

வீட்டையே வண்டியில் ஏற்றிச் செல்லும் வழக்கம் மேனாட்டாருடையது என்று எண்ணுகிறோம். பெரும்பாணாற்றுப்படை காட்டும் உப்பு வணிகராகிய உமணரின் வண்டியில் கோழிக்கூடு உண்டு. உரலும் காடிக்கலமும் உண்டு. மகவுடன் அமர்ந்து எருதுகளை ஓட்டுபவள் தாய்.

வழியின் மேடுபள்ளம் அஞ்சி, உமணர் மாற்று அச்சொன்றை வண்டியின் அடியில் கட்டிச் சென்றனர். புறநானூறு 102ஆம் பாடலில் ஔவையார் அதனை உவமையாக்கினார். பழுது நீக்குதல் பயணியின் பொறுப்பாகவே இருந்தது.

உறையூரிலிருந்து மதுரை செல்லும் நெடுவழி, இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரை அடுத்துச் சூலம்போல் மூன்றாகப் பிரிந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. இப்பகுதி மாட்டுவண்டிக்காரரும் தம் வண்டியைத் தாமே பேணினர். கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை விலக்கி, அச்சில் வண்டிமை இட்டனர். வைக்கோற்கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் அம்மை கிட்டும்.

எஞ்சினில் நிலைமை தலைகீழ். அங்கே கரி நாம் சேர்ப்பதன்று. எரிபொருள் எரிகையில் எண்ணெயில் படிவது. எனவே எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கையில் அடித்திருகைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடிக்கிறோம்; வடிகட்டியை மாற்றிப் புதியதை ஊற்றுகிறோம். பொருள் மாறினும் உராய்வைத் தணிக்கும் நோக்கம் ஒன்றே.

மாற்று அச்சு பாட்டில் நிலைத்தது. மை குழைத்த கைகளின் பக்குவமோ முதியோர் நினைவிலேயே எஞ்சியுள்ளது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம்.