மணவினையும் மங்கல மகளிரும்

தமிழர் திருமண முறை தொன்றுதொட்டு மாறாது வருவது என்னும் எண்ணம் பரவலாக உண்டு. இலக்கியச் சான்றுகள் காட்டும் வரலாறு வேறு.

அகநானூற்றின் 86ஆம் பாடலில், தலைவன் தன் மணநாளை நினைந்து தோழியிடம் கூறுவதாக நல்லாவூர் கிழார் ஒரு திருமணத்தைக் கண்முன் நிறுத்துகிறார். உழுந்து கலந்த களி குறைவின்றி வழங்கப்படுகிறது. பந்தலின்கீழ் புதுமணல் பரப்பி, விளக்கேற்றி, மாலைகள் தொங்கவிடுகின்றனர். திங்கள் உரோகிணியைக் கூடிய வைகறையில், குடத்தைத் தலையில் ஏந்தியும் அகன்ற கலங்களைக் கையில் கொண்டும் முதுமகளிர் வருகின்றனர். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரைச் சொரிந்து மணமகளை வாழ்த்துகின்றனர். 136ஆம் பாடலில் விற்றூற்று மூதெயினனார் புள்நிமித்தம் பார்த்தலையும், வாகையிலையோடு அறுகம்பாவையை வெண்ணூலில் சூட்டுதலையும் கூறுகிறார். தீவலமும் மறையோதுதலும் இவ்விரு பாடல்களிலும் இல்லை. முதற்பாடலில் சடங்கை நடத்தி வைப்போர் பெண்களே.

பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்கிறது தொல்காப்பியம். மண ஒழுங்கு காலத்தேவையால் பிறந்தது என்பதற்கு இது சான்று. சிலப்பதிகாரத்தில் முதுபார்ப்பான் வழிகாட்டக் கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகின்றனர். அங்கும் மங்கல மகளிர் மலர்தூவி வாழ்த்துகின்றனர். எனினும் சடங்கின் தலைமை அவர்களிடம் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் சுயமரியாதை இயக்கம் புரோகிதர் இல்லாத மணத்தை முன்வைத்தது. 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் நடந்த திருமணம் அவ்வகையில் முதலாவதாகக் கூறப்படும். ஆயினும் 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய மணம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அதனால் மனைவியரின் உரிமையும் மக்களின் சொத்துரிமையும் ஐயத்திற்குள்ளாயின. அண்ணா முதல்வராயிருந்தபோது 1967இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்து, முன்னர் நடந்த மணங்களுக்கும் ஏற்பு அளித்தது. உற்றார், நண்பர் முன்னிலையில் இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறினாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும் என்பது அதன் சாரம். அம்மணம் பலரறிய நடைபெற வேண்டுவதில்லை என 2023இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் வீட்டுவாசற் பந்தலின் இடத்தை இன்று திருமண மண்டபங்கள் பெற்றுள்ளன. அங்கே இலக்கிய அன்பர்கள் படிக்கும் வாழ்த்துப்பாவுக்கு நால்வர் மகளிரின் வாழ்த்தே மூதாதை. ஆனால் அப்பழம்பாடல் மக்களைப் பெற்ற மகளிரையே வாழ்த்தத் தேர்ந்தது. மகப்பேறு இல்லாதவரும் கணவனை இழந்தவரும் மணப்பந்தலில் ஒதுங்கி நிற்கும் வழக்கம் இன்னும் முற்றும் அகலவில்லை. கரணங்கள் பலமுறை மாறியுள்ள நாட்டில் இவ்வழக்கமும் மாறத்தக்கதே. பெற்ற தாய் கைம்பெண் என்பதால் மகளை முன்னின்று வாழ்த்த இயலாமற்போவது மரபாகாது. வாழ்த்துப்பா இயற்றும் கவிஞர்கள் அத்தாயையும் மேடைக்கு அழைத்தல் வேண்டும்.