பாறசாலையில் ஓர் ஐகாரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டன் மிஷன் சங்க ஆவணங்களில் பாறசாலையின் பெயர் 'பரேய்ச்சாலே' என்று ஒலிக்கும்படி எழுதப்பட்டுள்ளது. மலையாளத்தில் இன்று அது 'பாறசால'. ஈற்றில் ஓர் உயிரொலிதான் வேறுபாடு. ஆயினும், கடல் கடந்து வந்து இந்த எல்லைக் கிராமங்களில் குடியமர்ந்த அயலார் எந்த மொழியின் வாசல் வழியே ஊருக்குள் நுழைந்தனர் என்பதற்கு அந்த ஈற்றொலியே சான்று.

மலை, விளை, சாலை என்று தமிழில் ஐகாரத்தில் முடியும் சொற்கள் மலையாளத்தில் மல, விள, சால என அகரத்தில் முடிகின்றன. களியிக்காவிளையைக் கடந்து மேற்கே சென்றால் இஞ்சிவிள, அமரவிள என ஊர்ப்பெயர்களின் ஈறு மாறுவதை இன்றும் பேருந்துப் பலகைகளில் காணலாம். பேச்சுத் தமிழில் ஈற்று ஐகாரம் எகரத்தை ஒட்டிக் குறுகி ஒலிக்கும். அந்த அயலாரின் செவியில் முதலில் விழுந்தது பெயரின் தமிழ் வடிவமே.

இதற்குக் காரணம் அவர்கள் வந்த பாதை. 1804-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடியில் பணியைத் தொடங்கினார். 1818-இல் சார்லஸ் மீட் நாகர்கோவிலுக்கு வந்தார்; அங்கே பள்ளியும் அச்சகமும் எழுந்தன. புதிதாக வருபவர் முதலில் மொழி கற்க வேண்டும். அதற்கு நூல்களும் ஆசிரியர்களும் வேண்டும். தமிழில் புதிய ஏற்பாடு 1715-லேயே அச்சில் முழுமை பெற்றிருந்தது. மலையாளத்தில் பெஞ்சமின் பெய்லியின் முழு வேதாகமம் வெளிவந்தது 1841-இல். ஆகவே தென்திருவிதாங்கூரில் குடியமர்வது என்பது நடைமுறையில் தமிழ் கற்பதாகவே தொடங்கியது. நாகர்கோவிலில் பயின்ற உபதேசியார்கள் மேற்கே சென்றபோது அந்தத் தமிழும் உடன் சென்றது.

நெய்யூர் பணித்தளம் 1828-இல் அமைந்தது. 1838-இல் ஜான் காக்ஸ் தலைநகரமான திருவனந்தபுரத்தில் குடியேறினார். அங்கே மலையாளமின்றி வாழ்க்கை நடத்த இயலாது. 1845-இல் ஜான் ஆப்ஸ் பொறுப்பில் பாறசாலை தனித் தளமாயிற்று. ஒருபுறம் தமிழ் நெய்யூர், மறுபுறம் மலையாளத் தலைநகர்; இடையில் இரு மொழிகளும் புழங்கிய பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரம். இங்கே 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்' என வினைமுற்றில் திணை, பால் காட்டும் மொழியும், மூன்றுக்கும் 'வந்நு' என்ற ஒரே வடிவத்தால் நிறைவுறும் மொழியும் அருகருகே வழங்கின. ஒன்றைக் கற்று வந்தவருக்கு மற்றதன் சொற்கள் பழகியவை போலத் தோன்றும், இலக்கணமோ கைவிடும்.

இலக்கணத்தைவிடக் கடினமான பாடம் ஒன்றும் இருந்தது. 1859-இல் வந்த சாமுவேல் மட்டீர் பாறசாலையிலும், பின்னர் நெடுங்காலம் திருவனந்தபுரத்திலும் பணியாற்றினார். தோள்சீலைக் கலவரம் உச்சமடைந்து, நாடார் பெண்கள் மேலாடை அணிவது குறித்த அரச அறிவிப்பு வெளியான ஆண்டு அது. 1871-இல் வெளிவந்த தம் நூலில், அடிமைச் சாதியினர் மேல்சாதியார்முன் 'நான்' என்று சொல்லக் கூடாது, 'அடியன்' என்றே சொல்ல வேண்டும் என்பதையும், தம் சோற்றைச் சோறு என்றழைக்கும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை என்பதையும் அவர் பதிவு செய்தார். மொழி கற்கும் எவருக்கும் தன்மை ஒருமைச் சொல்தான் முதல் பாடம். அச்சொல் எல்லார்க்கும் உரியதன்று என்று அறியும் நாளில்தான் அயலார் ஓர் ஊரின் மொழியை உண்மையில் கற்கத் தொடங்குகிறார் எனலாம்.

இருபதாம் நூற்றாண்டிலும் இப்பாதை தொடர்ந்தது. அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் அவர் வழியே பரவின. அவர் மனைவி எமிலி கில்கிறிஸ்ட் ஹாட்ச் 1933-இல் திருவிதாங்கூர் வழிகாட்டி நூலை வெளியிட்டார், கதகளியையும் ஆராய்ந்தார். ஒரே இல்லறத்தில் ஒருவர் பணி தமிழ்க் கிராமத்தையும், மற்றவர் நாட்டம் மலையாளக் கலையையும் நோக்கியது. நாஞ்சில் நாட்டுக்கும் தலைநகருக்கும் இடையிலான நெடுஞ்சாலை இரண்டையும் இணைத்தது.

இவையெல்லாம் இன்று ஏன் முக்கியம்? எல்லை வரையப்பட்டுவிட்டதால்தான். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்தில் இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1959-இல் தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலமும் தென்கேரளம், கன்னியாகுமரி என இரண்டாயிற்று. அது முதல் மிஷன் ஆவணங்களிலிருந்து ஒரு வரியை எடுத்து 'இங்கே தமிழே வழங்கியது' என்றோ 'தமிழ் வெளியிலிருந்து புகுத்தப்பட்டது' என்றோ வாதிடுவது இருபுறத்தாருக்கும் எளிதாயிற்று.

இரு முடிவுகளும் அவசரமானவை. 1856-இல் கால்டுவெல் குமரிமுனை தொடங்கித் திருவனந்தபுரத்தின் அருகுவரை தமிழ் வழங்குவதாகக் குறித்தார். அவர் வாழ்ந்தது திருநெல்வேலிச் சீமையில்; கற்றது தமிழ். அதனால் அவர் கூற்று பொய்யாகிவிடாது. அவர் எங்கிருந்து கேட்டார் என்பதும் சான்றின் பகுதி என்றே பொருள். 'பரேய்ச்சாலே'யும் அவ்வாறே. அது ஊரார் அனைவரின் உச்சரிப்புக்கும் சான்றன்று. எழுதியவரின் செவிக்கும், அச்செவியைப் பழக்கிய ஆசிரியருக்கும் சான்று. அந்த ஆசிரியர்களுள் பலருக்கு ஆவணத்தில் பெயரில்லை. அயலாரின் எழுத்துக்கூட்டலில் மட்டும் அவர்களின் குரல் எஞ்சியிருக்கிறது.

எல்லைப்பகுதி வரலாற்றை ஆராயும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அயலார் எழுதிய ஆவணம் எதையும் மொழிச்சான்றாக எடுக்குமுன் மூன்றைக் கேளுங்கள்: எழுதியவர் முதலில் கற்ற மொழி எது? எந்த ஊரில் கற்றார்? யாரிடம் கற்றார்? இவற்றுக்கு விடை தேடினால், பாறசாலையை ஒரு பக்கம் இழுக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இராது. சால என்பாரும் சாலை என்பாரும் ஒரே சந்தையில் பேரம் பேசிய ஊராக அதைக் காணலாம்.