பேக் டு பேக் தியேட்டர்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஜீலாங் நகரில் இயங்கும் தொழில்முறை நாடகக் குழு. 1987இல் தொடங்கப்பட்டது. அறிவுசார் குறைபாடு உள்ள நடிகர்களே இதன் மையம். 1999 முதல் புரூஸ் கிளாட்வின் கலை இயக்குநர்.

செயல்முறை: எழுதி முடித்த பிரதியை மனப்பாடம் செய்து நடிப்பது இக்குழுவின் வழக்கமன்று. ஒத்திகை அறையில் நடிகர்கள் பேசியும் விவாதித்தும் உடனுக்குடன் நடித்துப் பார்த்தும் காட்சிகளை உருவாக்குகிறார்கள். ஒரு நாடகம் முழுமை பெறப் பல ஆண்டுகள் ஆவதுண்டு. நடிகர்கள் ஊதியம் பெறும் கலைஞர்கள். படைப்பின் கூட்டாசிரியர்களும் அவர்களே.

படைப்புகள்: 'ஸ்மால் மெட்டல் ஆப்ஜெக்ட்ஸ்' (2005) ரயில் நிலையம் போன்ற பொது இடங்களில், மக்கள் நடமாட்டத்துக்கு நடுவே நிகழ்த்தப்படுகிறது, பார்வையாளர்கள் உரையாடலை ஹெட்போனில் கேட்கிறார்கள். 'கணேஷ் வெர்சஸ் தி தேர்ட் ரைக்' (2011), நாஜிகள் அபகரித்த ஸ்வஸ்திகாவை மீட்க விநாயகர் ஜெர்மனிக்குச் செல்லும் கதை. அதை ஒத்திகை பார்க்கும் குழுவுக்குள் எழும் அதிகாரப் பூசலும் அதே மேடையில் நிகழ்கிறது. யாருடைய கதையை யார் சொல்லலாம் என்ற கேள்வி அதில் கூர்மை பெறுகிறது. 'தி ஷேடோ ஹூஸ் ப்ரே தி ஹன்டர் பிகம்ஸ்' (2019) நாடகம் பின்னர் 'ஷேடோ' (2022) என்ற திரைப்படமானது.

சிறப்புகள்: சர்வதேச இப்சன் விருது (2022), வெனிஸ் பியனாலே நாடகப் பிரிவின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் (2024).

சிகிச்சையாகவோ பொழுதுபோக்காகவோ மட்டுமே கருதப்பட்டுவந்த, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் கலைமுயற்சியை உலக நாடகத்தின் முன்வரிசைக்குக் கொண்டுவந்ததே இக்குழுவின் பெரும்பணி.