ஹிரோஷிமா: நகர மறுகட்டுமானமும் நினைவுவெளியின் உருவாக்கமும்

ஜப்பானின் ஹிரோஷிமா நகருக்கு இன்று செல்லும் பயணி, ஓட்டா ஆற்றின் கிளைகளுக்கிடையே மரங்கள் அடர்ந்த அமைதி நினைவுப் பூங்காவையும், ஆற்றின் மறுகரையில் இரும்புக் கூடாக நிற்கும் குவிமாடத்தையும், அதை ஒட்டி ஓடும் டிராம் வண்டிகளையும் அருகருகே காண்கிறார். அணுகுண்டு விட்டுச்சென்ற இயல்பான எச்சம் போல இக்காட்சி தோன்றினாலும், எதை இடிப்பது, எதைக் காப்பது, யாரை எங்கே குடியமர்த்துவது என்று பல பத்தாண்டுகள் நீடித்த விவாதங்களின் விளைவே அது. நகரை மீட்டெடுத்த பணியும் நினைவுக்கு வடிவம் கொடுத்த பணியும் ஒரே நிலத்தில், ஒரே திட்டத்தின் கீழ் நடந்தன என்பதையும், அதற்கான விலையை யார் செலுத்தினர் என்பதையும் இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது.

அழிவும் முதல் மீட்சியும்

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு அமெரிக்க விமானம் வீசிய யுரேனியம் குண்டு, நகர மையத்துக்கு மேலே சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அப்போது நகரில் ஏறத்தாழ 3,50,000 பேர் இருந்தனர். அவ்வாண்டு இறுதிக்குள் வெப்பம், வெடிப்பலை, தீ, கதிர்வீச்சு ஆகியவற்றால் சுமார் 1,40,000 பேர் இறந்தனர் என மதிப்பிடப்படுகிறது. நகரிலிருந்த ஏறத்தாழ 76,000 கட்டடங்களுள் பத்தில் ஒன்பது எரிந்தோ இடிந்தோ சேதமுற்றன. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு இம்மண்ணில் எதுவும் முளைக்காது என்ற வதந்தி பரவியிருந்த நாள்களிலேயே, ஜப்பான் வங்கியின் கிளை ஆகஸ்ட் 8 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. மறுநாள் நகரின் மேற்குப் பகுதியில் டிராம் வண்டி ஓடியது. செப்டம்பர் 17 அன்று வீசிய மகுராசாகி புயல், எஞ்சியிருந்த பாலங்கள் பலவற்றையும் அடித்துச் சென்று, ஹிரோஷிமா மாவட்டத்தில் 2,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஆகவே மறுகட்டுமானம் ஒன்றல்ல, அடுத்தடுத்த இரு பேரழிவுகளுக்குப் பின்னரே தொடங்கியது.

1949 ஆம் ஆண்டுச் சட்டம்

வரி செலுத்தப் போதிய குடிகளோ தொழில்களோ இல்லாத நகராட்சிக்குச் சாலை அமைக்கவும் பள்ளி கட்டவும் பணம் இல்லை. போரில் எரிந்த நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் அரசின் உதவிக்குக் காத்திருந்ததால், மத்திய நிதியும் போதுமான அளவில் வரவில்லை. இந்நிலையில் 1947-இல் மேயரான ஷின்ஸோ ஹமாய் உள்ளிட்டோர், ஹிரோஷிமாவை அமைதிக்கு அடையாளமான நகராகக் கட்டுவதற்குத் தனிச் சட்டம் வேண்டுமென்று வலியுறுத்தினர். ஒரே ஊருக்கு மட்டும் பொருந்தும் சட்டத்துக்கு அவ்வூர் மக்களின் ஒப்புதல் தேவை என்று ஜப்பானிய அரசமைப்பின் 95 ஆம் பிரிவு கூறுவதால், 1949 ஜூலை 7 அன்று வாக்கெடுப்பு நடத்தப்பட்டு, பெரும்பான்மை ஆதரவுடன் ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா அமைதி நினைவு நகர் கட்டுமானச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசுக்குச் சொந்தமான நிலத்தை நகருக்கு இலவசமாக வழங்க அச்சட்டம் வழிசெய்தது. மெய்ஜி பேரரசர் காலம் தொட்டுப் படைத் தலைமையகங்களும் அணிவகுப்புத் திடல்களும் நகர மையத்தில் பரந்த நிலத்தைப் பிடித்திருந்ததால், படைநகரின் நிலமே அமைதிநகரின் முதலீடாக மாறியது.

தனியார் நிலத்தைப் பொறுத்தவரை, நில மறுசீரமைப்பு என்னும் முறை கையாளப்பட்டது. உரிமையாளர் ஒவ்வொருவரும் தம் மனையில் ஒரு பங்கைச் சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டுக்கொடுத்து, எஞ்சிய அளவுக்கு வேறிடத்தில் மனை பெறுவதே அம்முறை. 100 மீட்டர் அகலமுள்ள அமைதிப் பெருஞ்சாலை இவ்வாறே உருவானது. வான்தாக்குதலின் தீ பரவாமலிருக்கப் போரின்போது வீடுகளை இடித்து உண்டாக்கிய வெளியின் மேல் அது அமைந்தது. அவ்வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கானோர் ஆகஸ்ட் 6 அன்று அங்கேயே மடிந்தனர்.

டாங்கே வகுத்த அச்சு

1949-இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் வென்ற கட்டடக் கலைஞர் கென்ஸோ டாங்கே, பெருஞ்சாலைக்குச் செங்குத்தாக ஒரு நேர்க்கோட்டை வரைந்து, அதன் மீது அருங்காட்சியகம், நினைவுச் சின்னம், குவிமாடம் ஆகிய மூன்றையும் நிறுத்தினார். 1952-இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னம், பண்டைய ஜப்பானியக் கல்லறைகளில் கிடைத்த சுடுமண் வீட்டின் கூரையை ஒத்த கான்கிரீட் வளைவாக அமைக்கப்பட்டது. அதன் அடியிலுள்ள கற்பேழையில் இறந்தோரின் பெயரேடு வைக்கப்பட்டு, அதில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6 அன்று புதிய பெயர்கள் சேர்க்கப்படுகின்றன. 2024-இல் அப்பெயர்களின் எண்ணிக்கை 3,40,000-ஐத் தாண்டியது. வளைவின் முன் நின்று குனிந்து பார்ப்பவர்க்கு, 1964-இல் ஏற்றப்பட்ட அமைதிச் சுடரும் அதற்கு அப்பால் குவிமாடமும் ஒரே சட்டத்துக்குள் தெரிகின்றன. அருங்காட்சியகத்தையும் நினைவுச் சின்னத்தையும் குவிமாடத்தையும் டாங்கே ஒரே அச்சில் இணைத்தபோது, குவிமாடம் காக்கப்படும் என்பது முடிவாகியிருக்கவில்லை என்பது கருதத்தக்கது.

குவிமாடம் குறித்த விவாதம்

செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்ஸல் வடிவமைத்து 1915-இல் கட்டி முடிக்கப்பட்ட குவிமாடக் கட்டடம், மாவட்டத் தொழிற்பொருள் காட்சிக்கூடமாக இயங்கியது. குண்டு வெடித்த இடத்தின் நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து சுமார் 160 மீட்டர் தொலைவிலேயே அது இருந்ததால், வெடிப்பலை ஏறத்தாழ மேலிருந்தே இறங்கியது. உள்ளே இருந்த அனைவரும் இறந்தாலும், சுவர்களில் ஒரு பகுதியும் குவிமாடத்தின் இரும்புச் சட்டமும் நின்றன. ஹிபாகுஷா எனப்படும் அணுகுண்டுத் தாக்குதலில் உயிர்பிழைத்தோரிலேயே, அன்றாடம் அதைக் காண்பது துயரை மீட்டுகிறது என்று இடிக்கக் கோரியோரும், இடித்தால் சான்று மறையும் என்று வாதிட்டோரும் இருந்தனர். 1966 ஜூலையில் நகரமன்றம் அதனைக் காப்பதெனத் தீர்மானித்தது. பொதுமக்கள் நன்கொடை இலக்கை மிஞ்சவே, 1967-இல் முதல் பாதுகாப்புப் பணி முடிந்தது. 1996-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அது ஏற்கப்பட்டபோது, அமெரிக்கா அம்முடிவிலிருந்து விலகி நின்றதும் சீனா தயக்கம் தெரிவித்ததும், நகருக்குள் முடிந்த விவாதம் நாடுகளுக்கிடையே முடியவில்லை என்பதைக் காட்டுகின்றன.

விளிம்புக்குத் தள்ளப்பட்டோர்

பூங்கா எழுந்த இடம் வெற்றுத்திடல் அன்று. கடைகளும் வீடுகளும் கோயில்களும் நெருங்கிய நகாஜிமா என்னும் குடியிருப்பு அது. அழிவுக்குப் பின் அங்கே திரும்பிவந்து குடிசையிட்டோர், பூங்காத் திட்டத்துக்காக வெளியேற்றப்பட்டனர். வீடிழந்தோர் பலர் வடக்கே மோட்டோமாச்சியின் ஆற்றங்கரையில் நெருக்கிக் கட்டிய குடிசைகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். அவ்விடத்தில் மசாதோ ஓடாகா வடிவமைத்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைவுற 1978 வரை ஆனது. அதுபோலவே, தாக்குதலில் இறந்த கொரியர்களுக்காக 1970-இல் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் பூங்காவுக்கு வெளியே நின்று, 1999-இல்தான் உள்ளே இடம்பெற்றது.

முடிவுரை

மறுகட்டுமானம் வெற்றிபெற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அழகிய பூங்காவை மட்டும் அதன் அளவுகோலாகக் கொள்வது வரலாற்றைக் குறுக்கிவிடும். அருங்காட்சியகப் புதுப்பிப்பையொட்டி நடந்த அகழாய்வு, பூங்கா மண்ணுக்கு அடியில் நகாஜிமாவின் தெருவையும் கருகிய வீட்டுப் பலகைகளையும் வெளிக்கொணர்ந்தது. அவற்றைக் காட்டும் கூடம் 2022-இல் திறக்கப்பட்டது. நினைவுவெளி தான் மூடிய குடியிருப்பையே தன் காட்சியின் பகுதியாக ஏற்றுக்கொண்டது, 1966-இல் குவிமாடத்துக்கு எடுக்கப்பட்ட முடிவின் தொடர்ச்சியே. ஹிரோஷிமாவின் மறுகட்டுமானம் ஏதோ ஓர் ஆண்டில் நிறைவுற்ற பணி எனக் கருதாமல், விடுபட்டோரை ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டு இன்றும் தொடரும் பொதுப்பணியாகக் கொள்வதே இச்சான்றுகளுக்குப் பொருந்தும்.