முதற் கமராவும் பொகவந்தலாவைக் கல்லறையும்

படம் எடுக்கப் பழக விரும்புவோர் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தக் கமராவை வாங்குவது?" என்பதுதான். கடைக்காரர் மெகாபிக்சல் கணக்கைச் சொல்வார். நண்பர் தாம் வைத்திருப்பதையே சிறந்தது என்பார். ஆனால் இக்கேள்விக்குப் புகைப்படக் கலையின் வரலாற்றிலும் ஒரு விடை இருக்கிறது. அந்த விடையைத் தேடிச் செல்பவர் நமது மலையகத்துக்கும் வரவேண்டியிருக்கும். பொகவந்தலாவையில் சென். மேரிஸ் தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கமரோன் என்ற பெண்மணியின் கல்லறை உள்ளது.

இலங்கையின் அரசியல் வரலாறு படித்தோருக்குக் கமரோன் என்ற பெயர் புதிதன்று. 1830களின் தொடக்கத்தில் இத்தீவின் நிர்வாகத்தையும் நீதித்துறையையும் மாற்றியமைத்த கோல்புறூக்-கமரோன் ஆணைக்குழுவின் சார்ள்ஸ் ஹே கமரோனே இவரது கணவர். 1815 இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா, பின்னர் இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்தார். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. அவ்வழியாகவே வைட் தீவிலிருந்த அவர்களது வீட்டுக்கு டிம்போலா என்ற இலங்கைப் பெயர் வாய்த்தது.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசளித்தனர். தாய் தனிமையில் சலிப்படையாதிருக்கட்டும் என்பதே அவர்களது எண்ணம். அப்போது அவருக்கு வயது 48. அக்கலையில் அவருக்கு எந்தத் தேர்ச்சியும் இருக்கவில்லை. நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையானது. கோழிக்கூடு படப்பிடிப்பு அறையானது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் கலவையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாது அமர்ந்திருக்க வேண்டும். இத்தனை தொல்லைகளுக்கிடையிலும் 1864 ஜனவரியில் அனி என்ற சிறுமியின் படத்தைத் தமது முதல் வெற்றியெனக் கொண்டாடினார். 1865 இல் இலண்டனின் சவுத் கென்சிங்டன் அரும்பொருளகம் அவரது படங்களை வாங்கிக் காட்சிக்கும் வைத்தது.

அக்கால விமர்சகர்கள் அவரது படங்கள் தெளிவாகக் குவியவில்லை என்று குறைகூறினர். ஆனால் அவர் மற்றவர்கள் பொருட்படுத்தாத இரண்டு விடயங்களில் கவனஞ்செலுத்தினார். ஒன்று, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் முகத்தில் விழும் வெளிச்சம். மற்றது, முகத்துக்கு மிக நெருங்கிச் செல்லுதல். 1867 இல் அவர் எடுத்த விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷலின் படத்தில் இருளிலிருந்து ஒரு முதிய முகம் மாத்திரமே எழுந்து வருகிறது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் உருவப்படம் எடுக்கப் பழகுவோருக்கு அது காட்டப்படுகிறது.

அவருக்குப் பின்வந்த கமராக்களின் வரலாறு, தொல்லைகளை ஒவ்வொன்றாக அகற்றிய வரலாறே. 1888 இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மனின் கொடக் கமரா 25 டொலருக்கு வந்தது. 100 படங்களுக்கான சுருள் உள்ளேயே இருந்தது. எடுத்து முடித்தபின் கமராவையே நிறுவனத்துக்கு அனுப்பினால் போதும். 1900 இல் பிரவுனி கமரா 1 டொலருக்குக் கிடைத்தது. 1925 இல் லைக்கா சினிமாப் படச்சுருளைப் பயன்படுத்திக் கமராவைச் சட்டைப்பைக்குள் அடக்கியது. 1975 இல் கொடக் நிறுவனப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் கமராவில் 10 ஆயிரம் படப்புள்ளிகளே இருந்தன. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 வினாடிகள் பிடித்தன. 2003 இல் கனொன் 300டி, 60 இலட்சத்துக்கும் அதிகமான புள்ளிகளோடு 1000 டொலருக்குக் குறைந்த விலையில் வந்தது. இன்று கைத்தொலைபேசியே கமரா. எனினும் வெளிச்சத்தைப் பார்க்கும் வேலையையும் நெருங்கிச் செல்லும் வேலையையும் எந்தக் கருவியும் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே புதியவர் ஒருவர் எதை வாங்குவது? ஏ-4 தாளில் தரமாக அச்சிட ஏறக்குறைய 90 இலட்சம் புள்ளிகள் போதும். இன்று விற்கப்படும் கமராக்களில் பெரும்பாலானவை அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. எனவே அந்தக் கணக்குக்காகக் கடன்பட வேண்டியதில்லை. வில்லை மாற்றக்கூடிய, ஒருவர் பாவித்த பழைய கமராவே பழகுவதற்குப் போதுமானது. மிச்சமாகும் பணத்தை வில்லைக்குச் செலவிடலாம். கமராவுடன் சேர்த்து விற்கப்படும் சாதாரண சூம் வில்லையைத் தூரத்துக்கு நீட்டும்போது அதன் துவாரம் பெரும்பாலும் 5.6 என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். 1.8 அளவு கொண்ட 50 மில்லிமீற்றர் வில்லையோ அதைப்போல் 9 மடங்குக்கும் அதிகமான வெளிச்சத்தை உள்ளே விடும். விலையும் ஒப்பீட்டளவில் குறைவு. மங்கிய வீட்டுக்குள்ளும் பிளாஷ் இன்றி முகங்களை எடுக்க அது உதவும். அதில் சூம் கிடையாது. நெருங்க வேண்டுமாயின் நாமே நடந்து செல்லவேண்டும். அதுவே நல்ல பயிற்சி.

பயிற்சிக்கு வெளியூர் போகத் தேவையில்லை. காலையில் ஜன்னலோரம் வீட்டிலுள்ள ஒருவரை அமர்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பத்துப் படங்கள் எடுங்கள். மறுநாள் மாலையில் அதே இடத்தில் இன்னும் பத்து. துவாரம், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் ஒரு நேரத்தில் மாற்றிப் பாருங்கள். எந்த மாற்றத்தால் படம் என்னவானது என்பது ஒரு மாதத்துக்குள் கைவசமாகிவிடும்.

வரலாறு தரும் இன்னொரு பாடமும் உண்டு. 1875 இல் கமரோன் தம்பதியர் இலங்கையில் குடியேறினர். இங்கு ஜூலியா எடுத்த படங்களில் 30 கூட இன்று எஞ்சவில்லை. எஞ்சியவற்றுள் 1878 அளவில் எடுத்த ஒன்றின் தலைப்பு களுத்துறைக் குடியானவர் குழு என்பதாகும். இங்கிலாந்தில் அவர் எடுத்த பிரமுகர்களின் பெயர்கள் படங்களோடு நிலைத்துவிட்டன. களுத்துறையில் கமராவின் முன் நின்ற அந்த மனிதர்களுக்குத் தலைப்பில் பெயரில்லை. யாருடைய பாட்டன், யாருடைய பாட்டி என்று இனி எவர் சொல்வது? 1879 ஜனவரியில் ஜூலியாவும் மலைநாட்டில் காலமானார்.

பத்திரிகைக்காரனுக்குப் படக்குறிப்பு இல்லாத படம் பாதிப் படமே. நம்மவரில் எத்தனையோ குடும்பங்கள் இடப்பெயர்வுகளில் அல்பங்களை இழந்துவிட்டன. மிஞ்சிய படங்களிலும் நிற்பவர் யாரென்று சொல்லக்கூடிய முதியவர்கள் குறைந்து வருகிறார்கள். எனவே புதிய கமரா வாங்கியவர்கள் முதலில் வீட்டிலுள்ள முதியவரின் முகத்தை எடுங்கள். அன்றைக்கே அதன் கீழ்ப் பெயர், ஊர், திகதி மூன்றையும் எழுதி, இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். எந்தக் கமரா வாங்கினீர்கள் என்பதைப் பத்து ஆண்டுகளில் நீங்களே மறந்துவிடுவீர்கள். அந்தப் பெயரைத்தான் உங்கள் பேரப்பிள்ளைகள் தேடுவார்கள்.