பொலிகிராஃப் சோதனை: கருவி அளப்பது பொய்யையா, பயத்தையா?

அமெரிக்காவின் சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்புப் பிரிவில் சட்ட அமுலாக்க அதிகாரியாகச் சேர விரும்புபவர்கள் பொலிகிராஃப் சோதனைக்கு முகங்கொடுக்க வேண்டும். எல்லைப் பிரிவுக்குள் ஊழலைத் தடுப்பதற்காக 2010இல் கொண்டுவரப்பட்ட சட்டம் இதனைக் கட்டாயமாக்கியது. விண்ணப்பதாரர்களில் மூவரில் இருவர் இதில் தோல்வியடைவதாக 2017இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி வெளியிட்டது. மறைக்க எதுவுமில்லாதவருக்கும் முதல் நாள் இரவு தூக்கம் வராமல் போவதில் வியப்பில்லை.

மார்பிலும் வயிற்றிலும் சுற்றப்படும் குழாய்கள் சுவாசத்தைப் பதிகின்றன. கையில் கட்டும் பட்டி இரத்த அழுத்தத்தையும், விரல்களில் பொருத்தப்படும் தகடுகள் வியர்வையால் தோலின் மின்கடத்தலில் ஏற்படும் மாற்றத்தையும் பதிகின்றன. அவ்வளவுதான். பொய் சொல்லும்போது மட்டும் தோன்றுகிற உடற்குறி என்று எதுவும் இல்லை. பயம், கோபம், வெட்கம் எல்லாமே இதே கோடுகளைத்தான் அசைக்கும்.

பரவலாகப் பயன்படும் முறையொன்றில் இரண்டு வகைக் கேள்விகள் கலந்து வரும். "போதைப்பொருள் கடத்தினீர்களா?" என்பது ஒரு வகை. "உங்களை நம்பிய ஒருவரிடம் எப்போதாவது பொய் சொன்னதுண்டா?" என்பது மற்றது. இரண்டாவதற்கு "இல்லை" என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் அரிது. ஆகவே குற்றமற்றவர் அந்தக் கேள்விக்கே அதிகம் பதறுவார், குற்றவாளி முதலாவதற்குப் பதறுவார் என்பது கணக்கு. ஆனால், சின்னப் பொய்களை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டு விட்டு, "கடத்தல்" என்ற சொல்லைக் கேட்டதும் வேலை போய்விடுமோ என்று நெஞ்சு படபடக்கிற நேர்மையானவரின் நிலை? கருவியின் பார்வையில் அவர்தான் பொய்யர்.

2003இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுச் சபை ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியது. 10,000 ஊழியர்களில் 10 உளவாளிகள் இருப்பதாகக் கொள்வோம். அவர்களில் 8 பேர் சிக்கும் அளவுக்கு அளவுகோலை இறுக்கினால், குற்றமற்ற சுமார் 1,600 பேரும் சேர்ந்தே சிக்குவார்கள். இரண்டு உளவாளிகள் அப்போதும் தப்பிவிடுவார்கள். இது வெறும் ஏட்டுக்கணக்கல்ல. சோவியத் ஒன்றியத்துக்குத் தகவல் விற்ற சி.ஐ.ஏ. அதிகாரி ஓல்ட்ரிச் ஏம்ஸ், 1986இலும் 1991இலும் பொலிகிராஃப் சோதனையில் தேறினார். கைதானது 1994இல்.

1998இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், இராணுவ நீதிமன்றங்களில் பொலிகிராஃப் சாட்சியத்தை விலக்கி வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதன் நம்பகத்தன்மை பற்றி ஒருமித்த கருத்து இல்லை என்பதே காரணம். நீதிமன்றத்துக்கு ஆகாததை அதே அரசு ஆட்சேர்ப்புக்குப் பயன்படுத்துகிறது.

பதற்றத்தோடு போகிறவர் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுண்டு. பலரைக் கவிழ்ப்பது கோடுகளல்ல, கோடுகளைக் காட்டி நடத்தப்படும் விசாரணை. "இந்தக் கேள்வியில் ஏதோ சிக்கல் தெரிகிறது, மனதில் உள்ளதைச் சொல்லுங்கள்" என்றதும், அந்த அறையிலிருந்து வெளியேறினால் போதும் என்று நடக்காததையோ மிகைப்படுத்தியோ சொல்வதுதான் ஆபத்து. சொன்னது பதிவாகும். மூச்சை அடக்குவது, நாக்கைக் கடிப்பது போன்ற உத்திகளும் வேண்டாம். கருவியை ஏமாற்ற முயன்றதாகக் கண்டால் அதுவே நிராகரிப்புக்குப் போதும். கேள்விகள் பொதுவாக முன்கூட்டியே வாசித்துக் காட்டப்படும். விளங்காததை அப்போதே கேட்கலாம், உட்கொள்ளும் மருந்துகளையும் சொல்லலாம்.

வேலை தருவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்குள்ள பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் விண்ணப்பதாரரிடம் இந்தச் சோதனையைக் கேட்கவே முடியாது. பாதுகாப்புச் சேவை, மருந்து உற்பத்தி போன்ற சில துறைகளுக்கு வரையறுக்கப்பட்ட விலக்கு உண்டு. அங்கும் சோதனையை எந்த வேளையிலும் நிறுத்தச் சொல்லலாம். மதம், அரசியல், தொழிற்சங்கம் பற்றிக் கேட்கக் கூடாது. அரச வேலைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.