பொன் தரம் பெற்ற பேரவை

பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990-இல் ‘பிரீயம்’ என்னும் தரமதிப்பீட்டை அறிமுகப்படுத்தியபோது, அதன் முதற்பதிப்பு மதிப்பிட்டது அலுவலகங்களை அல்ல. இனிமேல் எழவிருந்த அலுவலகங்களின் வரைபடங்களை. பசுமைச் சான்றிதழ்களின் வரலாற்றைப் பேசும்போது நாம் இந்தத் தொடக்கத்தை மறக்கலாகாது. 1998-இல் அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் சோதனை முறையில் தொடங்கிய ‘லீட்’ திட்டமும் பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றியது. இடத்தேர்வு, நீர், ஆற்றல், கட்டுமானப் பொருள், உள்ளறைக் காற்று ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புள்ளிகள். கூட்டுத்தொகைக்கேற்ப வெள்ளி, பொன், பிளாட்டினம். ஹைதராபாத்தின் சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003-இல் பிளாட்டினம் பெற்றதையடுத்து இந்தியாவிலும் இம்முறை பரவலாயிற்று.

சென்னைக்கும் பொன் வந்தது. ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில், பெர்லினைச் சேர்ந்த ஜிஎம்பி நிறுவனத்தின் வடிவமைப்பில் எழுந்த புதிய சட்டப்பேரவை வளாகத்தைப் பசுமைக் கட்டடமாக அமைந்த உலகின் முதல் பேரவை என்று கொண்டாடினார்கள். 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் அதைத் திறந்துவைத்தார். அன்று குவிமாடம் முடிந்திருக்கவில்லை. திரைக் கலை இயக்குநர் தோட்டா தரணி அமைத்த தற்காலிகக் குவிமாடமே விழாவுக்கு நின்றது. அதை ஒரு குறையாக நாம் சொல்லவரவில்லை. ஆனாலும் வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் உள்ள இடைவெளியை அதைவிடத் தெளிவாக எவரும் காட்டியிருக்க முடியாது.

2011-இல் ஆட்சி மாறியது. பேரவை புனித ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பியது. வளாகம் பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாக மாற்றப்பட்டு 2014-இல் திறக்கப்பட்டது. எழுப்பிய கட்டடத்தை இடிக்காமல் பயன்படுத்துவதும் ஒரு சிக்கனம்தான். ஏழை நோயாளிகளுக்கு அதனால் விளைந்த நன்மையையும் நாம் மறுக்கவில்லை. எனினும் ஆண்டில் சில வாரங்கள் கூடும் அவை வேறு, இரவும் பகலும் குளிரூட்டியும் விளக்கும் ஓயாத அறுவைக்கூடம் வேறு. முன்னதற்காகப் போட்ட கணக்கு பின்னதைப் பற்றி என்ன சொல்லும்?

இதற்கு மாற்றான மரபும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1990-களின் இறுதியில் உருவாகிப் பின்னர் ‘நேபர்ஸ்’ ஆன முறை, பன்னிரண்டு மாத மின் பயன்பாட்டை அளந்தே நட்சத்திரம் தருகிறது. ஓராண்டில் அது காலாவதியாகும். மறுபடியும் அளந்தாக வேண்டும். நம் நாட்டின் எரிசக்தித் திறன் செயலகமும் 2009-இல் அலுவலகக் கட்டடங்களுக்கு, ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டொன்றில் செலவாகும் மின்சாரத்தைக் கொண்டு நட்சத்திரம் வழங்கத் தொடங்கியது. விழாவுக்கு ஏற்றதல்ல இந்த மின்மானிக் கணக்கு. நாம் நம்பத்தக்கது இதுவே என்று கருதுகிறோம்.

புதுக்கட்டுமானத்துக்கென ‘லீட்’ தரும் சான்றுக்குக் காலவரையறை கிடையாது. பேரவை ஓமந்தூரார் தோட்டத்தில் கூடியதோ ஏறத்தாழ ஓராண்டு.